தேரடியிலிருந்து டெஸ்ட் மைதானம் வரை

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலையின் மாட வீதிகளில் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பார்கள். அண்ணாமலையாரின் மகாரதத்துக்கு ஊரே வடம் பிடிக்கும். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது வடம் பிடிப்பவர் கையில் இல்லை. சக்கரத்தை ஒட்டியே நடந்து, சரியான நொடியில் முட்டுக்கட்டையைச் செருகி எடுக்கும் சிலரிடம்தான் அது இருக்கிறது. ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் அவர்களே. கூட்டத்தில் ஒரு கால் சக்கரத்தின் பக்கம் வழுக்கினால்கூட முதலில் பார்க்க வேண்டியவர்களும் அவர்களே. இந்த வேலைக்குத் தேர்வும் கிடையாது, உரிமமும் கிடையாது. வருடக்கணக்கில் பெரியவர்களின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகி வருவது.

மோட்டார் வந்த புதிதில் வண்டியோட்டும் தொழிலும் ஏறக்குறைய இப்படித்தான் கைமாறியது. பாரிஸ் நகரக் காவல்துறை 1893இலேயே ஓட்டுநருக்குச் சான்று வேண்டும் என்று ஆணையிட்டிருந்தாலும், உலகின் பல நாடுகள் அந்த வழிக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணம் செலுத்தினாலே உரிமம் கிடைத்தது. ஓட்டிக் காட்டச் சொல்லி அங்கே யாரையும் கட்டாயப்படுத்தத் தொடங்கியது 1935 ஜூனில்தான். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, இந்தியா புதிய சட்டம் கொண்டுவந்தது. 1939 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஓட்டுநர் தேர்வில் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. அதில் தேறாதவருக்கு உரிமம் இல்லை.

சட்டம் தாளில் இருந்தாலும், திருவண்ணாமலை அன்று அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்தின் லாரி ஷெட்டுகளில் பள்ளிக்கூடம் வேறாக இருந்தது. பையன் கிளீனராக ஏறுவான். டயர் மாற்றுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது என்று வருடங்கள் ஓடும். ஒரு நாள் ஆளில்லாத சாலையில், "ஏறி உட்காருடா" என்பார் டிரைவர் அண்ணன். கைப்பழக்கம் வந்த பிறகுதான் உரிமத்துக்கு மனுப்போடுவதெல்லாம். தமிழ்நாட்டின் சாலைகளை அந்தத் தலைமுறைதான் சுமந்தது. அவர்களின் கைத்திறனை இன்றைய பயிற்சிப் பள்ளிகள் எளிதில் எட்டிவிட முடியாது. ஆனால் குருவின் கெட்ட பழக்கமும் சேர்ந்தே சீடனுக்கு வந்தது. வளைவில் முந்துவதும், ஹாரனை மட்டும் நம்பி ஓட்டுவதும் அப்படி வந்தவைதான்.

திருவண்ணாமலைக்குத் திருப்பம் 1989. 1939ஆம் ஆண்டுச் சட்டம் சரியாக ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து முடித்த ஜூலை 1 அன்று, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் மத்திய மோட்டார் வாகன விதிகளும் அமலுக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. வண்டிகளின் முகத்தில் டிஎன் 25 என்ற எண் ஏறியது. ஊரின் பெயரைச் சொல்லாமலே ஊரைச் சொல்லும் எண்ணாக அது இன்று நிலைத்துவிட்டது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதினைந்தாவதை, உரிமம் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆகாமல் தேர்வுக்கு வரக்கூடாது என்று தொடங்கி, ஓட்டுநர் செய்துகாட்ட வேண்டியவற்றை ஆங்கில எழுத்து வரிசையின் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அது அடுக்குகிறது. பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வதுதான் முதல் இனம். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் நிறுத்திக் கிளப்ப வேண்டும். குறுகிய இடைவெளிக்குள் ரிவர்ஸில் நுழைய வேண்டும். போலீஸோ விளக்கோ இல்லாத பாதசாரிக் கடவையில், கடப்பவருக்கு முதலில் வழிவிட வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். கடைசி இனம், சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களிடம் மரியாதையும் பரிவும் காட்டுவது. ஒரு சட்ட நூல் தன் பட்டியலைப் பரிவோடு முடித்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இவ்வளவு விரிந்த பட்டியல் மக்கள் வாயில் சுருங்கி 'எட்டு' ஆகிவிட்டது. "எட்டு போட்டாச்சா?" என்பதே கேள்வி. இரு சக்கர வண்டியில் காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றி வருவது சமநிலைக்கு நல்ல சோதனைதான், மறுப்பதற்கில்லை. மெதுவாக ஓட்டத் தெரிந்தவருக்கே அது வரும். கார் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊர் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில் அமர்வார். கொஞ்ச தூரம் போய், கியர் மாற்றி, கை சைகை காட்டி, ஓரங்கட்டி நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்தால் முடிந்தது. தேறாதவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். இந்த நாள்கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம், பட்டியலின் கடைசி இனம்தான் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

ஆனால் திருவண்ணாமலையில் வண்டி ஓட்டப் போகிறவருக்கு அந்தக் கடைசி இனங்கள்தான் முக்கியம். ஒன்பது சாலைகள் வந்து கூடும் ஊர் இது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் அந்தச் சாலைகளின் முனையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து, வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களில் பெரிய கவலையில்லை. மற்ற நாட்களில்தான் சோதனை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் தொடக்கப் பகுதி செங்கம் சாலையிலேயே போகிறது. ரமணாசிரமத்தைக் கடந்து, அடிஅண்ணாமலை பக்கம் திரும்பும்வரை, கிருஷ்ணகிரி, பெங்களூர் செல்லும் வண்டிகளும் வெறுங்காலில் நடப்பவர்களும் ஒரே சாலையில்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மலையை வலப்புறம் வைத்தே கிரிவலம் வர வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம் வரும் இடம் என்று அதை விட்டுவிட்டு, சாலையின் இடதோரமாகவே நடப்பது மரபு. நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலதோரம் நட என்பது சாலைப் பாதுகாப்புப் பாடம். மரபு அதற்கு நேர்மாறு. வண்டிகள் எல்லாம் நடப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகின்றன, அவர் கண்ணோ மலை மேல் இருக்கிறது. இருவரில் ஒருவருக்குத்தான் மற்றவர் தெரிகிறார். எனவே முழுப் பொறுப்பும் ஸ்டீயரிங் பிடித்தவருடையது. பக்தரை மரபை மாற்றிக்கொள்ளச் சொல்வதைவிட, அவர் திடீரென்று மலையை நோக்கிக் கும்பிடத் திரும்புவார் என்று ஓட்டுநர் கற்றுக்கொள்வதே நியாயம். நடப்பவரின் அடுத்த அசைவை ஊகிக்கச் சொல்லும் விதி இந்தச் சாலைக்கென்றே எழுதியது போலிருக்கிறது.

இதைக் கற்க அவகாசம் வேண்டும். பயிற்சிப் பள்ளி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், சொந்த வண்டி ஓட்டக் கற்பவருக்கு இருபத்தொரு நாள் பயிற்சி, அதில் குறைந்தது பத்து மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்து ஓட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தப் பத்து மணியும் உண்மையில் கிடைத்ததா என்று கேட்டு வாங்குவது கற்பவரின் கையில் இருக்கிறது. விடியற்காலையில் காலிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பழகியவர், மாட்டு வண்டியும் பூக்காரம்மாவும் ஷேர் ஆட்டோவும் சேர்ந்து வரும் பெரிய தெருவில் முதல் நாளே தடுமாறிப் போவார்.

உரிமத்தின் கதவு யாருக்குத் திறந்தது என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி, பலமுறை மறுக்கப்பட்ட பிறகும் விடாமல் நின்று, 1993இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். போக்குவரத்து வண்டி உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019இல் நீங்கியது. ஷெட்டிலேயே வளர்ந்த எத்தனையோ கிளீனர்களுக்கு அது பெரிய விடுதலை.

2021ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் தேறியவருக்கு உரிம அலுவலகத்தில் தனியாக ஓட்டிக் காட்டும் தேர்வு இல்லை. இலகுரக வாகனத்துக்கு மொத்தம் 29 மணி நேரம். எட்டு மணி வகுப்பறை, இருபத்தொரு மணி செய்முறை. சிமுலேட்டர் உண்டு, தனி ஓடுதளம் உண்டு. திருவண்ணாமலைக்காரர் ஒருவர் அப்படிக் கற்கப் போனால், அந்த இருபத்தொரு மணியில் ஒரு மணியாவது செங்கம் சாலையில் கழியட்டும். மாலையில், கிரிவலம் போகிறவர்கள் இடதோரம் நடக்கும் நேரத்தில், அடிஅண்ணாமலைத் திருப்பம்வரை, அவர்கள் ஒருவரையும் ஹாரன் அடித்துத் திடுக்கிட வைக்காமல்.