தோட்ட முகவரியும் வார இறுதித் தபாலும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குக் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு கட்டங்களாக வந்து சேர்கின்றன. அஞ்சல் ஊழியர் அவற்றைத் தோட்ட அலுவலகத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். அங்கிருந்து கிராணி வழியாகவோ, பெரட்டு நேரத்திலோ உரியவரிடம் போய்ச் சேரும். இதில் ஓரிரு நாள் கழிவது இயல்பு.

வார இறுதி

கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நெகிரி செம்பிலானில் சனியும் ஞாயிறும். சாதாரணக் கடிதங்கள் வேலை நாள்களில்தான் பட்டுவாடா ஆகும். வெள்ளி மாலைக்குள் வராத கடிதத்தை இனி திங்களன்றுதான் எதிர்பார்க்கலாம். இடையில் பொது விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

அஞ்சலகங்கள் பல சனிக்கிழமை காலையில் திறந்திருக்கும். நேரம் கிளைக்குக் கிளை மாறுவதால், புறப்படும் முன் போஸ் மலேசியா இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவுத் தபால்

நீதிமன்றம், வங்கி போன்ற இடங்களிலிருந்து வரும் பதிவுத் தபாலைக் கையொப்பமிட்டே பெற வேண்டும். ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டு மட்டும் கிடைக்கும். அந்தச் சீட்டுடனும் மைகாட்டுடனும் அதில் குறித்துள்ள அஞ்சலகத்திற்குச் செல்ல வேண்டும். தவணைக்குள் எடுக்காவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மேல்முறையீட்டுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ நாள் குறித்த கடிதமாக இருந்தால், இழப்பு பெரிது.

அஞ்சல் குறியீடு

இம்மாநிலக் குறியீடுகள் 70 முதல் 73 வரையிலான எண்களில் தொடங்கும். போர்ட்டிக்சன் 71000, ரந்தாவ் 71200, நீலாய் 71800, லாபு 71900, கோலப்பிலா 72000, பகாவ் 72100, தம்பின் 73000, கிம்மாஸ் 73400. தோட்டப் பெயருடன் பிரிவு, வீட்டு எண், குறியீடு ஆகியவற்றையும் எழுதினால் கடிதம் வழிதவறாது.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள்

வேலை ஓய்வுக்குப் பின்னோ, நிலம் மேம்பாட்டுக்குப் போன பின்னோ நகருக்குக் குடிபெயர்ந்த பலரின் அடையாளக் கார்டில் இன்னும் பழைய தோட்டத்தின் பெயரே உள்ளது. கிராணி இல்லாத அலுவலகத்துக்குப் போகும் கடிதம் யார் கைக்கும் சேராது. முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வாக்களிக்கும் தொகுதியும் அந்த முகவரியைக் கொண்டே முடிவாகிறது. ஊழியர் சேமநிதி, பெர்கேசோ, வங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், பிள்ளைகள் இந்த வாரமே அவர்களின் கார்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.