புல்லுவிளைத் தலைவரின் முதற்பருவம்

நம் கோட்டுகாலை அடுத்த கடற்கரைச் சிற்றூர் புல்லுவிளை. அவ்வூர்க் குடும்பத்தில் தோன்றிய சஞ்சு சாம்சன் 2021 சனவரியில் ராஜஸ்தான் ராயல்ஸ் கிரிக்கெட் அணிக்குத் தலைவரானார். முந்திய ஆண்டு எட்டு அணிகளுள் கடைசியாக நின்ற அவ்வணி, ஆஸ்திரேலியரான ஸ்டீவன் ஸ்மித்தை விடுவித்து, இருபத்தாறே அகவையினரான இவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. சென்னை அணியையே தம் அணியாகக் கொண்டாடும் நம் தமிழ் இல்லங்களிலும் அன்றுமுதல் பற்று இரண்டுபட்டது என்றால் மிகையன்று.

ஏப்ரல் 12ஆம் நாள் பம்பாயில் முதலாட்டம். பஞ்சாப் அணி 221 ஓட்டங்களைக் குவித்தது. சாம்சன் 63 பந்துகளில் 119 அடித்தார். தலைமையேற்ற முதலாட்டத்திலேயே நூறடித்தவர் இப்போட்டி வரலாற்றில் அவருக்கு முன் எவருமிலர். இரு பந்துகளில் ஐந்து ஓட்டங்கள் வேண்டியிருந்தன. ஐந்தாம் பந்தில் எளிதாய்க் கிட்டிய ஓர் ஓட்டத்தை அவர் மறுத்து, எதிர்முனையிலிருந்து ஓடிவந்த கிறிஸ் மாரிஸைத் திருப்பியனுப்பினார். பதினாறே கால் கோடி ரூபாய்க்கு ஏலமெடுக்கப்பட்டவர் அம்மாரிஸ்! கடைசிப் பந்து எல்லைக்கோட்டருகே பிடிபட, நான்கு ஓட்டங்களில் தோல்வி நேர்ந்தது.

செருக்கென்றனர் சிலர். மூன்றாம் நாள் தில்லிக்கு எதிராக அதே மாரிஸ் 18 பந்துகளில் 36 அடித்து வெற்றி தேடித்தரவே, பழிச்சொல் வலுத்தது. மீண்டும் அந்நிலை வரினும் அவ்வோட்டத்தை எடேன் என்றே சாம்சன் விடையிறுத்தார். நன்கு அடித்துக்கொண்டிருந்தவர் தாமே முடிக்க எண்ணியதில் யாம் பிழை காண்கிலேம். ஆயினும் அவ்விரவு யாமும் தலையில் கைவைத்து அமர்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

பின்னர் இடையூறுகள் அடுக்கடுக்காய் வந்தன. ஸ்டோக்ஸ் முதலாட்டத்திலேயே விரல் முறிந்து விலகினார். ஆர்ச்சர் காயத்தால் வரவேயில்லை. கொள்ளைநோயால் மே மாதம் போட்டி நின்று, செப்டம்பரில் அரபு நாட்டில் தொடர்ந்தபோது பட்லரும் இல்லை. சாம்சன் 484 ஓட்டங்கள் எடுத்தும், பதினான்கு ஆட்டங்களில் ஐந்து வெற்றியுடன் அணி ஏழாமிடமே பெற்றது.

தலைவரை மாற்றியது வீண் என்று அன்றே தீர்ப்பளித்தவர் பலர். அணியினரோ அவரையே தலைவராக வைத்துக்கொண்டனர். 2022இல் அவ்வணி 2008க்குப் பின் முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டி, அகமதாபாத்தில் குஜராத்திடம் தோற்றது.

2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் செல்ல, சாம்சன் சென்னைக்கு மாற்றப்பட்டார். இரண்டுபட்டிருந்த நம் இல்லங்கள் அவ்விரவு ஒன்றாயின.