கம்பைல் ஆக ஏன் இவ்வளவு நேரம்? டைப்புகளின் சின்ன வரலாறு

கொல்லிமலை திருப்புலி நாட்டிலிருந்து பேசுறேன். ஹாஸ்கெல்ல டைப்புக்குள்ளயே நிரல் எழுதினா கம்பைலர் ஏன் திணறுது? பதில் ரொம்பப் பழசு.

1978-ல் ராபின் மில்னர், எம்.எல். மொழிக்காக ஒரு முறையை வெளியிட்டார். நாம டைப் எழுத வேண்டாம், கம்பைலரே கண்டுபிடிச்சிடும். நடைமுறையில் அது வேகமாகவே ஓடியது. அதனால் இது சுலபமான கணக்குதான் என்ற நம்பிக்கை பரவியது.

1989-ல் பாரிஸ் கனெலாகிஸ், ஜான் மிட்செல் இருவரும் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். 1990-ல் ஹாரி மெய்ர்சன் நிரூபித்தே விட்டார்: மோசமான நிரல் வந்தா, நேரம் இரட்டிப்பாகிக்கிட்டே போகும். ஒரு ஃபங்ஷனை எடுத்து ஜோடியாக்குங்க. அந்த ஜோடியை அடுத்த வரியில் மறுபடி ஜோடியாக்குங்க. 10 வரியில் 1,024 டைப் மாறிகள். 30 வரியில் 107 கோடிக்கும் மேல!

அப்போ யாரும் ஏன் மாட்டல? மனுஷங்க அப்படி நிரல் எழுதுறதில்லை, அவ்வளவுதான்.

2005-க்குப் பிறகு கதை மாறுது. டைப் ஃபேமிலி என்ற வசதி ஹாஸ்கெலுக்கு வந்தது. டைப்புக்குள்ளயே பட்டியல், கூட்டல் எல்லாம் செய்ய ஆரம்பிச்சோம். ஜி.எச்.சி. கம்பைலர் ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று எழுதி வைக்கும். அதில் மிச்சமிருக்கிற பட்டியல் முழுக்க இருக்கும். எங்க காரவள்ளி சாலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, இல்லையா? ஒவ்வொரு வளைவிலும் நின்னு, மிச்ச வளைவுகளையெல்லாம் நோட்டில் எழுதணும்னா? 70, 69, 68… மொத்தம் 2,485 வரி. பஸ் எப்போ செம்மேடு வந்து சேரும்?

2021-ல் எட்ஸ்கோ டி வ்ரீஸ் இதைத்தான் விரிவா எழுதினார். பெரிய ரெக்கார்டுகளில் இந்த வளர்ச்சியைத் தவிர்க்க ஒரு லைப்ரரியும் தந்தார். அதன் சாரம்: உள்ளே எல்லாத்தையும் ஒரே சாதாரண அரேயா வைங்க, டைப் பாதுகாப்பை வெளி வாசலில் மட்டும் நிறுத்துங்க.

இது வெறும் ஆராய்ச்சிச் சண்டை இல்லைங்க. சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்.பி.டி.இ.எல்.-ல் இலவசமா இருக்கு. மலையில் இருக்கிற பிள்ளையும் படிக்கலாம். ஆனா 4 ஜிபி லேப்டாப்பில் கம்பைலர் மெமரி இல்லாம நின்னா, இலவசம் அங்கேயே முடிஞ்சிடுது. அதனால லைப்ரரி எழுதுறவங்க ஒரு முறை பழைய மெஷினில் கம்பைல் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.