பொற்கிழி போதுமா? மதுரைத் தமிழ்ச் சங்கம் புலவர்களைத் தாங்கிய வரலாறு



புலவருக்குப் பரிசு என்றதும் உங்கள் நினைவுக்கு யார் வருகிறார்? பெரும்பாலும் தருமிதான். ஒரு பாட்டு, ஓர் ஐயம், ஒரு பொற்கிழி. திருவிளையாடல் கதையைப் படமாகப் பார்த்தவர்களுக்கும் இது மறக்காது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு கிழி கொடுத்துவிடலாம். இருபது வருசம் உட்கார்ந்து ஒரு நூலைத் தொகுக்கிறவருக்கு எதைக் கொடுப்பது? அவர் அதுவரை எதைக்கொண்டு வாழ்வது?

இந்தக் கேள்விக்கு மதுரையில் 1901ஆம் ஆண்டு ஒரு விடை தேடினார்கள். தமிழ் இலக்கிய வரலாறு படிக்கும் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

சங்கத்துக்கு முன் நிலைமை எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் புலவர்களைத் தாங்கியவை இரண்டு: சைவ மடங்கள், ஜமீன்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876) திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் இருந்தார். அவ்வளவு பெரிய புலவர். ஆனாலும் பணக் கஷ்டம் அவரைக் கடைசிவரை விடவில்லை. வள்ளல் நினைத்தபோது கொடுப்பார், நினைக்காதபோது இல்லை. நிரந்தர வருமானம் என்று ஒன்று கிடையாது.

அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் நூல்களை அச்சிட்டபோது வேறொரு வழியும் இருந்தது. நூல் வருவதற்கு முன்பே, ‘வாங்கிக்கொள்கிறோம்’ என்று பலரிடம் கையொப்பம் வாங்குவார்கள். 1887இல் சீவக சிந்தாமணி இப்படித்தான் வெளிவந்தது. கையொப்பம் போட்டவர்கள் எல்லாரும் பணம் கொடுத்தால்தான் அச்சகத்துக் கடன் தீரும். சாமிநாதையரின் 1898ஆம் ஆண்டு மணிமேகலைப் பதிப்புக்குப் பொருளுதவி செய்தவர்களில் பாண்டித்துரைத் தேவர் முக்கியமானவர்.

யார் இந்தத் தேவர்?

பாண்டித்துரைத் தேவர் (1867 - 1911) பாலவநத்தம் ஜமீன்தார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் உறவினர். தேவரின் தந்தை பொன்னுசாமித் தேவரும் புலவர்களை ஆதரித்தவர்தான். மதுரையில் ஒரு சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் தேடியபோது அவை எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே சங்கம் தோன்றக் காரணம் என்றும் சொல்வார்கள்.

14.9.1901 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. பழைய மூன்று சங்கங்களின் தொடர்ச்சியாக எண்ணி இதை ‘நான்காம் தமிழ்ச் சங்கம்’ என்றும் அழைத்தார்கள்.

சங்கம் என்ன கொடுத்தது?

சங்கத்தின் உதவிகளை நான்கு வகையாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, படிக்க இடம். சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை என்ற கல்விக்கூடமும், பாண்டியன் புத்தகசாலை என்ற நூலகமும் அமைந்தன. ஏடும் நூலும் வாங்க வசதியில்லாதவர் அங்கே வந்து படிக்கலாம்.

இரண்டு, எழுத இடம். 1902இல் ‘செந்தமிழ்’ இதழ் தொடங்கியது. முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார். மு. இராகவையங்காரின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல இந்த இதழில் வந்தன. பிற்பாடு அவர் 1913இல் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குப் போனார். ஒரு சங்க இதழ் வளர்த்த அறிஞர், தமிழுக்கே பொதுவான ஒரு பெரும்பணிக்குக் கிடைத்தார்.

மூன்று, தகுதிச் சான்று. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று நிலைகளில் சங்கம் தேர்வு வைத்தது. கல்லூரிப் படி ஏறாதவரும் தாமே படித்து எழுதலாம். தேறினால் ‘பண்டிதர்’ என்ற பெயரோடு தமிழாசிரியர் வேலைக்குப் போகலாம். பொற்கிழி ஒரு மாதத்தில் செலவாகிவிடும். இந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் சோறு போடும்.

நான்கு, நூல் வெளியீடு. இங்கே ஓர் ஆசிரியரின் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு பள்ளி ஆசிரியரின் கலைக்களஞ்சியம்

ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். புராணம், இலக்கியம், சமயம், அரச மரபு என்று தமிழில் வரும் பெயர்களையும் செய்திகளையும் அகர வரிசையில் தொகுக்கத் தொடங்கினார். துணைக்கு ஆள் கிடையாது. பகலில் பாடம், மற்ற நேரத்தில் தொகுப்பு. வேலை முடிந்ததும் அடுத்த சிக்கல்: இவ்வளவு பெரிய நூலை யார் அச்சிடுவது? வசதி படைத்தவர்கள் பலரிடம் முயன்றும் பலன் இல்லை.

கடைசியில் கைகொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. முதலியார் 1931இல் மறைந்தார். அவர் மேலும் சேர்த்து வைத்திருந்த செய்திகளோடு 1934இல் விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தது. இன்றும் தமிழாசிரியர்கள் புரட்டும் நூல் இது. அந்த உதவி மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்? கையெழுத்துக் கட்டாகவே கரையானுக்குப் போயிருக்கலாம்.

கடல் தாண்டிய பட்டம்

சங்கத்தின் தேர்வு மதுரையோடு நிற்கவில்லை. இலங்கையின் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற இளைஞர் 1916இல் பண்டிதத் தேர்வில் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அவர்தான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வந்தது. அதை வெளியிட்டது இன்னொரு சங்கம்: தஞ்சையில் 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம். தேவநேயப் பாவாணரும் 1924இல் மதுரைப் பண்டிதத் தேர்வில் தேறியவர்தான்.

தேர்வில் எப்படி எழுதுவது?

‘பாண்டித்துரைத் தேவர் தமிழ் வளர்த்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எப்படி வளர்த்தார் என்பதில்தான் விடையின் கனம் இருக்கிறது.

இந்த ஆண்டுகளைப் பாருங்கள். பாஸ்கர சேதுபதி 1903இல் 35 வயதிலேயே மறைந்தார். தேவர் 1911இல் மறைந்தார், வயது 44. பழைய முறையாக இருந்திருந்தால் வள்ளல்களோடு உதவியும் போயிருக்கும். ஆனால் விபுலாநந்தர் பட்டம் பெற்றது 1916இல்; பாவாணர் 1924இல். கொடுத்த கை மறைந்த பிறகும் கொடை தொடர்ந்தது. காரணம், அது பள்ளியாக, இதழாக, தேர்வாக மாறியிருந்தது. தனிமனிதக் கொடை நிறுவனமானதுதான் இந்த வரலாற்றின் மையக் கருத்து.

பரிசளிப்பு விழா நடத்தும் நம் அமைப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. மாலையும் பொன்னாடையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு, நம் பக்கத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பல வருசமாகச் சேர்த்து வைத்திருக்கும் கையெழுத்துப் படி அச்சாக வழி இருக்கிறதா என்றும் கேட்கலாமே.

வகுப்பில் பேசிப் பார்க்க

1. பொற்கிழிக்கும் பண்டிதச் சான்றிதழுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

2. அபிதான சிந்தாமணி அச்சாவதில் தனிமனிதரின் பங்கு எது, சங்கத்தின் பங்கு எது?

3. உங்கள் ஊரில் தமிழ் ஆய்வு செய்யும் ஒருவருக்கு இன்று அதிகம் தேவைப்படுவது பணமா, நூலகமா, நேரமா? காரணத்தோடு விளக்குக.