பேனாக்கத்தி சொல்லும் வரலாறு



தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் நாம் பணிபுரியும் தோட்டப் பள்ளிக்கு ஒருநாள் ஒரு மாணவனின் தந்தையார் வந்தார். கையில் துருவேறிய மடக்குக் கத்தி. "எங்கள் தாத்தாவுடையது, சார். ஜப்பான்காரன் காலத்துக் கத்தி. பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கப் போகிறேன்" என்றார். "சற்றுப் பொறுங்கள்" என்றோம். பொறுக்கச் சொன்ன காரணமே இன்றைய பேச்சு.

மடக்குக் கத்தியை நாம் பேனாக்கத்தி என்கிறோம். ஐரோப்பியர் பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில், அதன் முனையைக் கூராக்க வைத்திருந்த சிறு கத்தி அது. பேனா என்ற சொல்லே இறகைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். நம் முன்னோரிடமும் இதற்கு ஓர் உறவினர் இருந்தது. அதுவே மடக்கெழுத்தாணி. மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகியவற்றால் ஆன பிடிக்குள் எழுத்தாணி மடங்கியிருக்கும். ஓலையை வாருவதற்கு ஒரு கத்தியும் அதனுடன் இணைந்திருக்கும். உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாற்றில் இதை விளக்கியிருக்கிறார். ஆக, மேற்கிலும் நம்மிடத்திலும் இத்தகைய சிறு கத்தி எழுத்தோடு உறவுகொண்ட கருவி.

கத்தியின் வயதை எப்படி அறிவது? அலகின் அடிப்பாகத்தில், மடிப்பாணிக்கு அருகே பாருங்கள். செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். அலகு எவர்சில்வர் ஆனால், 1913-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹாரி பிரேர்லி அதே ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது அந்த ஆண்டில்தான். ஆனால் துருப்பிடித்த கத்தி எல்லாம் அதற்கு முந்தியது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய எஃகும் பின்னர் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தது.

அந்தத் தந்தையாரின் கத்தியில் துருவுக்கு அடியில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. அது பிரிட்டிஷ் அரசாங்க உடைமைக்கு இடும் குறி. அதனருகே 1951 என்ற எண். ஜப்பானியர் ஆட்சியோ 1945-இலேயே முடிந்துவிட்டது! பட்டறைச் சக்கரத்தில் பிடித்திருந்தால் இந்த நான்கு இலக்கங்களும் தூளாகியிருக்கும்.

செய்தி வீட்டுப் பாட்டிக்குப் போயிற்று. "அப்படியானால் அது ஊரடங்குக் காலமாக இருக்கும். இரண்டு காலத்திலும் பயம். இரண்டிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு. கலந்துவிட்டது" என்றாராம். அவசரகாலத்தில், 1952 மார்ச் 25 அன்று, தஞ்சோங் மாலிம் அருகே குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினர் தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நகரத்தில் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்நிலை நீடித்தது. அந்தக் கத்தி தாத்தா கைக்கு எப்படி வந்தது என்பதை முத்திரை சொல்லாது. பாட்டியின் நினைவைத் திறந்துவிட்டது, அதுவே பெரிது.

இனிச் செப்பனிடும் முறை. முதலில் முத்திரையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத கத்தியைக் குறடால் இழுக்காதீர்கள். மடிப்பில் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு மெல்ல அசையுங்கள். உள்ளே இருக்கும் அழுக்கைப் பல்குச்சியால் எடுங்கள். மேல்துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புப் பஞ்சால் தேயுங்கள். முத்திரைப் பக்கம் துணியோடு நிறுத்துங்கள். கொம்பு, எலும்புப் பிடிகளை நீரில் ஊறவைக்கக் கூடாது. இறுதியாக எண்ணெய் தடவி உலர்ந்த இடத்தில் வையுங்கள். தோலுறையில் வைத்தால் ஈரம் தங்கும். கருமை படிந்திருந்தால் இருக்கட்டும். அது அழுக்கல்ல, வயது. இவை பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கட்டும்.

எம் தந்தையாரும் ஒரு பேனாக்கத்தி வைத்திருந்தார். அவர் மறைந்த பின், அன்பு மிகுதியால் நாமே அதைச் சாணைபிடிக்கக் கொடுத்தோம். முகம் பார்க்கும்படி பளபளத்து வந்தது. முத்திரை போய்விட்டது. அது எவ்வூர்க் கத்தி, எந்த ஆண்டினது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. கேட்கவும் அவர் இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று கிடக்கலாம். துடைக்குமுன் படியுங்கள்.