கஞ்சியும் கபனும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், ஜனங்களின் சுகதுக்கங்கள் யாவும் நெடுங்காலமாகப் பள்ளிவாசலைச் சார்ந்தே நடந்து வந்திருக்கின்றன. ரமழானில் அஸருக்குப் பின் சிறுவர்கள் பாத்திரமேந்திச் சென்று நோன்புக் கஞ்சி வாங்கி வருவதும், இரவில் தராவீஹ் தொழுகைக்குத் தோளோடு தோள் சேர நிற்பதும், பெருநாளன்று முஸாபஹா செய்து பழைய பிணக்கை மறப்பதும், ஊரில் ஒருவர் மௌத்தானால் சந்தூக்கு எனும் பிரேதப் பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்து அடக்கத்தலமான மையவாடி சேர்ப்பதும், எவரும் எழுதி வைக்காத, ஆயினும் எழுதிய சட்டத்தினும் வலிய சம்பிரதாயங்களாகும்.

2020 மார்ச் 20-ஆம் திகதி மாலை, கொரோனாத் தொற்றினால் இலங்கையெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அதற்குச் சில தினங்கள் முன்பே பள்ளிகளில் கூட்டுத் தொழுகை நின்றிருந்தது. ஏப்ரல் இறுதியில் வந்த ரமழான் பள்ளிக் கஞ்சியின்றிக் கழிந்தது. மே 24-ஆம் திகதி நோன்புப் பெருநாள் வீட்டுக்குள்ளேயே தொழுது முடிக்கப்பட்டது. முடி வெட்ட ஆளில்லை, பெருநாள் உடுப்பெடுக்கக் கடையில்லை, உம்மா வீட்டுக்குப் போக வழியில்லை என்பன போன்ற முணுமுணுப்புகள் வீடுதோறும் எழுந்தன. அவை அற்பமானவை என்று ஒதுக்கத் தக்கவையல்ல. ஒரு வழக்கம் மனிதனுக்கு என்ன தந்து வந்தது என்பதை அதன் இன்மையே உணர்த்துகிறது.

ஆனால் அக்குறைகளின் அளவைக் காட்டிய பெருந்துயரம் வேறொன்று. 2020 ஏப்ரல் 11-ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என விதித்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அது மாறவில்லை. குளிப்பாட்டுதல், கபன் துணி அணிவித்தல், தொழுகை நடத்துதல், மண்ணில் அடக்குதல் என்னும் நான்கு கடமைகளும் உயிரோடிருப்போர் மீது சுமத்தப்பட்ட கடன் என நம்பும் சமூகத்துக்கு இதனினும் பெரிய தண்டனை இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலையில் இம்மாவட்டம் 10,000-க்கும் மேற்பட்டோரை இழந்து, பலரைப் பொதுக்குழிகளிலேயே அடக்கியது. அந்தப் பிரளயத்திலும் மையித்துக்கு மண் மறுக்கப்படவில்லை. 2021 பெப்ரவரி 25-ஆம் திகதி விதி தளர்ந்து, மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் மாத்திரம் அடக்கம் அனுமதிக்கப்பட்டபோது, மையித்தைச் சொந்த ஊர் மையவாடியை விட்டு மட்டக்களப்பையும் தாண்டி வடக்கே அனுப்ப நேர்ந்ததையும் பலர் ஆறுதலாகவே ஏற்றனர். தத்தம் ஊரில் அடக்கும் உரிமை 2022 மார்ச்சில்தான் மீண்டது. கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

கஞ்சி கிடைக்கவில்லை என்று குறைப்பட முடிந்த வீடு, இழவு காணாத வீடு. அக்கால சரித்திரத்தை எழுதுவோர் இரண்டையும் எழுதட்டும். ஆனால் இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைத்துவிடாதிருக்கட்டும்.