பாலிங் பள்ளிக்கூடமும் காங்கோப் படையும்

கெடா தோட்டப்புறங்களின் சரித்திரத்தை எழுதுவோர் ரப்பர் விலையையும் கூலிப் போராட்டத்தையும் கள்ளுக்கடை மறியலையும் விரித்துரைப்பர்; அந்நிய தேசங்களில் சமாதானம் காக்க மலாயா தன் ராணுவத்தை அனுப்பத் தொடங்கிய வரலாற்றின் வேரும் அம்மாநிலத்திலேயே ஓடுகிறது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் பிரகடனமான அவசரகாலம் 12 ஆண்டுகள் நீடித்தது. சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்கள் பெயர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் ஒடுக்கப்பட்டன. விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து பால்மரம் வெட்டப் புறப்பட்டவர்கள், ஆண் பெண் என்ற பேதமின்றி, வேலி வாசலில் சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது; அடையாளக் கார்டு இல்லாமற் போனால் சந்தேகம், மடியில் ஒரு பிடி அரிசி அகப்பட்டால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கடத்தும் குற்றம்; அந்தப் பக்கத்தாரோ அரிசி தராதவனைத் துரோகி என்றார்கள். துப்பாக்கி ஏந்தியவன் நிதானம் இழந்தால் நிராயுதபாணியின் கதி என்னவாகும் என்பதைச் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளிக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

இந்த யுத்தத்தை முடிக்கும் உத்தேசத்தோடு, 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில், கெடாவின் உட்பகுதியான பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரு தரப்பாரும் சந்தித்தனர். அலோர் ஸ்டாரில் பிறந்து, கெடாவிலேயே மாவட்ட அதிகாரியாக உத்தியோகம் பார்த்த, அந்நாளைய மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் ஒரு புறம், அவருக்குத் துணையாகச் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக்கும். மறுபுறம் காட்டிலிருந்து வந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங். கட்சிக்கு அங்கீகாரம் கேட்டார் சின் பெங். சரணடைதலை வற்புறுத்தினார் துங்கு. பேச்சு முறிந்தது. ஆயினும், உள்நாட்டுப் பாதுகாப்பும் தேசரக்ஷணமும் மலாயா மந்திரிகளின் கைக்கு வந்துவிட்டால் ஆயுதங்களைக் கீழே வைக்கத் தயார் என்று சின் பெங் கூறிய வாக்கியம் மட்டும் வீண்போகவில்லை. அடுத்த மாதம் சுதந்திரம் பற்றிய லண்டன் மாநாட்டில் அவ்விரண்டு அதிகாரங்களைக் கோரிய துங்குவுக்கு அது நல்ல வாதமாயிற்று.

1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம். செப்டம்பர் 17-இல் ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம். 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. அதே மாதத்தில், பெல்ஜியத்திடமிருந்து அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த காங்கோ கலகத்தில் ஆழவே, சபை அங்கே படை அனுப்பத் தீர்மானித்தது. துங்குவின் அரசாங்கம் உடன்பட்டது. அக்டோபரில், அந்நாளைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து மலாயா விசேஷப் படை கப்பலேறிற்று. மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரருக்கே உரியதாயிருக்க, 1952-இல் அமைந்த பெடரேஷன் ரெஜிமென்ட் மற்ற இனத்தவருக்கும் கதவைத் திறந்தது. இவ்விரு மரபுகளும் சேர்ந்தே இளந்தேசத்தின் ராணுவம் உருவாகி வந்தது.

காங்கோவில் காத்திருந்தது அணிவகுப்பு மரியாதையன்று. 1961 நவம்பரில் கிண்டு நகரில் மலாயா முகாமுக்கு வந்திருந்த இத்தாலிய விமானப் படையினர் 13 பேரைக் காங்கோச் சிப்பாய்கள் பிடித்துச் சென்று கொன்றனர். எண்ணிக்கையில் மிகக் குறைந்த மலாயா வீரர்களால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆயுதம் கையிலிருந்தும் சமாதானத்துக்காகச் சென்றவனுடைய பலம் எத்தனை குறுகியது என்பதை மலாயா அங்கே முதல் முறையாகக் கண்டது. கண்ட பின்னும் அது உடனே வீடு திரும்பவில்லை. 1963 வரை அதன் படை காங்கோவில் இருந்தது. பின்னாளில் நமீபியா, கம்போடியா, சோமாலியா, பொஸ்னியா, லெபனான் என்று அந்தப் பணி நீண்டது.

1989-இல் நமீபியா சுதந்திரத்துக்கு ஆயத்தமாகையில் மலேசியப் பட்டாளம் ஒன்று அங்கே காவல் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதிதான், தாய்லாந்தின் ஹாட் யாய் நகரில், மலேசிய அரசாங்கமும் சின் பெங்கின் கட்சியும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பாலிங்கில் முறிந்த பேச்சு முடிவுபெற ஏறத்தாழ 34 ஆண்டுகள் பிடித்தன. சொந்த வீட்டு வழக்கு தீர்வதற்கு முன்பே அயலார் சமாதானத்துக்குத் தன் பிள்ளைகளை அனுப்பிய தேசம் இது. சண்டையின் விலையை முள்வேலிக்குள்ளிருந்து கண்டவர்களுக்கு அதில் முரண்பாடு ஏதும் தோன்றாது.